நூராத்தாத் துணியில் சமர்க்கந்து வளையம்

ஒரு வாயிலில் கேட்டதை மறு வாயிலில் இறக்கி வையாமை ஓர் அறம். ஈகையைக் கண் காணும். வீரத்தை ஊர் பாடும். இந்த அறமோ நிகழும்பொழுது எவர்க்கும் புலப்படுவதில்லை. சொல்லாமல் விட்ட சொல்லுக்குச் சாட்சி ஏது? அவ்வறத்தைத் தன் வாழ்நாள் முழுதும் நோன்பெனக் காத்தவள், எங்கள் நூராத்தா ஊரில் சூசனி எனும் பூத்தையல் மணத்துணிகளுக்குக் கோடு வரைந்த அன்சிரத்.

ஊசியும் பட்டுநூலும் எங்கள் ஊரில் எல்லாப் பெண்கள் கையிலும் உண்டு. பெண் மகவு பிறந்த வீட்டில் அவளது திருமணத்துக்கான சூசனிக்கு அப்பொழுதே பருத்தி நெய்யத் தொடங்குவர். ஆனால் வெள்ளைத் துணியின்மேல் முதற்கோடு இழுக்கும் துணிவு எல்லார்க்கும் வாய்ப்பதன்று. தறியின் அகலம் சிறிது. ஆகவே நான்கு பட்டைகளை அருகருகே இட்டு நூலோட்டி ஒரு பெருந்துணி ஆக்குவர். பிறகு அன்சிரத்துக்கு ஆள் போகும். நாணற் கோலும் மைக்கிண்ணமும் ஏந்தி அவள் வருவாள். துணியின் நடுவே முழந்தாளிட்டு, இறைவன் திருப்பெயரைச் சொல்லி, எண்முனை விண்மீன் ஒன்றை வரைவாள். எங்கள் ஊரார் அதனைத் திங்கள் என்றே சொல்வர். அதிலிருந்து நான்கு மூலைகளையும் நோக்கி நான்கு பூங்கொத்துகள் சாய்ந்து வளரும். வரைந்து முடிந்ததும் நூலோட்டத்தை உருவிவிட்டுப் பட்டைகளைப் பிரித்துக்கொள்வர். தாய்க்கு ஒன்று, தாயின் தங்கைக்கு ஒன்று, மணமகளுக்கு ஒன்று, தந்தையின் தமக்கைக்கு ஒன்று. அவரவர் தத்தம் மனையில் இருந்து தைத்து வர, இறுதியில் மீண்டும் சேர்த்து மூட்டுவர். ஒரு கையின் இறுக்கம் மற்றொரு கைக்கு வாராது. ஒரு வீட்டின் சிவப்பு மறு வீட்டில் சற்று வெளுத்திருக்கும். மூட்டும் இடத்தில் இதழின் பாதிகள் ஒரு நெல்லளவு விலகி நிற்கும். அதனை நாங்கள் குறை என்று கொள்வதில்லை. பலர் கூடித் தைத்தார்கள் என்பதற்கு அந்த விலகலே அடையாளம்.

இவ்வாறு அன்சிரத் நுழையாத உள்முற்றம் எங்கள் ஊரில் இல்லை. தலை குனிந்து கோடு இழுப்பவளை அங்கிருப்போர் சிறிது நேரத்தில் மறந்துவிடுவர். மறந்து, பேசத் தகாதனவும் பேசுவர். எவர் வீட்டில் மணப்பேச்சு முறிந்தது, எவர் மருமகள் சமையலறையில் நின்று அழுகிறாள், எவர் மகளுக்குக் கோடு வரைந்து நெடுங்காலமாகியும் மாப்பிள்ளை வாய்க்கவில்லை என்பதெல்லாம் அவள் செவியில் விழும். விழுந்தது அங்கேயே கிடக்கும்.

இதனால் மிகவும் வருந்தியவர் அவள் கணவர் நொர்பூத்தா. சமர்க்கந்துச் சந்தைக்கு ஒட்டகத்தில் கம்பளி ஏற்றிச் செல்லும் அவர் வம்பு கேட்பதில் பெருவிருப்பினர்.

"ஊர்ல ஒவ்வொருத்தன் பொண்டாட்டியும் தண்ணிக்குப் போனா குடத்தோட நாலு சேதியும் கொண்டு வர்றா," என்பார். "எம் பொண்டாட்டி ஊரையே சுத்திட்டு வெறுங்கையோட வர்றா. பக்கத்து வீட்டுப் பொண்ணுக்கு நிச்சயம் ஆனதை நான் ஒட்டகச் சந்தையில கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். அந்தப் பொண்ணுக்குத் துணி வரைஞ்சவ யாரு? நீ!"

"இப்பத்தான் தெரிஞ்சுபோச்சே. அப்புறம் என்ன? ரொட்டி ஆறுது, சாப்பிடுங்க."

"கல்லுக்கூட வெயில்ல காஞ்சா வெடிக்கும். நீ வெடிக்கவே மாட்டியா?"

"வெடிச்சா உங்களுக்கு யாரு ரொட்டி சுடறது?"

பிற ஊர்த் துணிகளையும் அன்சிரத் நன்கறிவாள். கணவரோடு ஆண்டுதோறும் சமர்க்கந்துக்குச் செல்வாள். அங்குள்ள அடியார் சமாதிகளில் தொழுதபின் கடைவீதியில் சூசனிகளைப் பார்த்து நிற்பாள். தாஷ்கந்தார் வெள்ளையைக் கண்டால் அஞ்சுவர் போலும். சிவந்த திங்கள்களை நெருக்கி அடுக்கி நிலம் தெரியாமல் மூடிவிடுவர். ஷஹ்ரிசப்ஸ் மகளிர் ஒரு மலருக்குள்ளேயே பல நிறம் புகுத்துவர். சமர்க்கந்தார் பெருஞ்செம்மலர் ஒன்றை வரைந்து, அதனைச் சுற்றிக் கருந்தழையால் தடித்த வளையம் இடுவர். தொலைவில் நிற்பவர் கண்ணில் மலருக்கு முன்னே வளையமே படும். நாங்களோ வெள்ளை நிலத்தை நிலமாகவே விட்டு, அதில் பூங்கொத்தை மெல்ல ஊன்றி வைப்போம். எது அழகு என்று எவரேனும் கேட்டால் அன்சிரத் விடை சொல்லமாட்டாள். "அந்தந்த ஊர்க் கல்யாணத்துல தொங்கவிட்டுப் பாக்கணும்," என்பாள்.

அவள் நோன்பைச் சோதிக்க வந்தது கம்பளி வணிகர் எஷ்முராத்தின் மகள் ஒய்ஜமாலின் திருமணம்.

எஷ்முராத்தின் மனைவி மொத்தபர். எஷ்முராத்தின் தமக்கை ஷரோபத், அன்சிரத்தோடு ஒன்றாய் வளர்ந்தவள், சமர்க்கந்தில் வாழ்க்கைப்பட்டவள். நாத்தனார் இருவர்க்கும் இடையே பழைய முள் ஒன்று இருந்தது. மொத்தபர் மணப்பெண்ணாய் வந்த நாளில் அவளுடைய சூசனியைச் சுவரில் தொங்கவிட்டார்கள். ஷரோபத் அதனை ஏற இறங்கப் பார்த்து, "பூவெல்லாம் சரிதான். யாரோ தண்ணி ஊத்த மறந்துட்டாங்க போல," என்றாள். கூடியிருந்த மகளிர் சிரித்தனர். சிரித்தவர் அனைவரும் அன்றே மறந்தனர், மொத்தபர் மறக்கவில்லை. இப்பொழுது மகளின் துணியில் ஒரு பட்டை அந்த நாத்தனாருக்கே போக வேண்டும், வழக்கம் அது. அதிலும் ஷரோபத்துக்கு விழுந்தது நடுப்பட்டைகளுள் ஒன்று. திங்களின் பாதி அதில் இருந்தது. மொத்தபர் அதை இருமுறை மடித்து அன்சிரத்தின் கையில் திணித்தாள்.

"சமர்க்கந்து போறேல்ல, குடுத்துடு. வழக்கமாச்சேன்னு குடுக்கறேன்னு சொல்லு. இல்ல, ஒண்ணும் சொல்லாதே. நீ எங்க சொல்லப்போறே!"

சமர்க்கந்தில் நொர்பூத்தா ஆடவரோடு வெளிமுற்றத்தில் அமர, அன்சிரத் உள்ளே சென்றாள். ஷரோபத் குரலைக் கேட்டே எழுந்து வந்து கட்டிக்கொண்டாள். விரிப்பில் அமர்த்திக் கிண்ணத்தில் தேநீர் வார்த்தாள்.

எங்கள் நாட்டில் விருந்தினர்க்குக் கிண்ணத்தின் அடியில் சிறிதே வார்ப்பர். மீண்டும் மீண்டும் வார்த்துத் தரும்படி அவர் நெடுநேரம் இருக்க வேண்டும் என்பது பொருள். விளிம்புவரை நிரப்பினால் எழுந்து போ என்று சொன்னதாகும். வாயால் சொல்வதைக் காட்டிலும் அது கொடிது. ஷரோபத் வார்த்த தேநீர் விளிம்பைத் தொட்டது. தொட்டு வழிந்து விரிப்பை நனைத்தது.

"என்னடி இது, வந்ததும் வராததுமா என்னைக் கிளம்பச் சொல்றே?" என்று அன்சிரத் நகைத்தாள்.

ஷரோபத்தின் கை அந்தரத்தில் நின்றுவிட்டது. பிறகு விரல்களால் விரிப்பைத் தடவினாள். ஈரம் தெரிந்ததும் அவள் முகம் மாறியது.

"நிரம்பிடுச்சா?"

அன்சிரத் அவள் கண்களை அப்பொழுதுதான் நேராக நோக்கினாள். பால் படிந்தாற்போல் இருந்தன.

"எப்பலேர்ந்து ஷரோபத்து?"

"போன பனிக்காலத்துலேர்ந்து. வெளிச்சம் தெரியும். ஆள் நடமாட்டம் தெரியும். ஊசிக் காது தெரியாது." அவள் அன்சிரத்தின் மணிக்கட்டைப் பற்றினாள். "நீ கொண்டு வந்த பட்டையை என் நாத்தனாருங்க தைச்சுத் தருவாங்க. மொத்தபருக்கு மட்டும் தெரியக்கூடாது."

"தெரிஞ்சா என்ன? பட்டையை வேற யாருக்காவது குடுத்துட்டுப் போறாங்க."

"அதைத்தான் சொல்றேன். எனக்குன்னு அந்த வீட்டுல இருக்கறது அந்த ஒரு பட்டைதான். அப்புறம் அவ எனக்காக இரக்கப்படுவா. அவ இரக்கத்துக்கு அவ கோவமே தேவலை. என் தம்பி கேட்டா ஒடிஞ்சுபோவான். சொல்லமாட்டேதானே?"

"நான் எதைச் சொல்லியிருக்கேன்?" என்றாள் அன்சிரத். நனைந்த விரிப்பின் மூலையைத் தானே பிழிந்து, தேநீர் அருந்தி, விடைபெற்று வந்தாள்.

காலம் சென்றது. திருமணம் நெருங்கிய வாரத்தில் ஒரு வண்டிக்காரன் கையில் அந்தப் பட்டை நூராத்தாவுக்கு வந்து சேர்ந்தது. மொத்தபரின் உள்முற்றத்தில் அக்கம்பக்கத்து மகளிர் கூடியிருந்தனர். மற்ற மூன்று பட்டைகளும் விரிந்திருந்தன. வெள்ளை நிலம், மெல்லிய காம்புகள், மாதுளைச் சிவப்பும் வெளிர் மஞ்சளும் நீலமும். மொத்தபர் நான்காவதை அவிழ்த்து விரித்தாள்.

அன்சிரத் வரைந்த பூங்கொத்து அங்கே இருந்தது. ஆயினும் ஒவ்வொரு மலரைச் சுற்றியும் கருந்தழை வளையம் ஒன்று தடித்து நின்றது. பாதித் திங்களைச் சுற்றியும் பாதி வளையம். பட்டையின் ஓரத்தில் அது வெட்டுண்டாற்போல் முடிந்தது. சமர்க்கந்து மகளிர்க்கு வளையமில்லாத மலர் உடுக்காத உடம்பு போன்றது; வரைந்தவள் மறந்தாள் என எண்ணி, ஷரோபத்தின் நாத்தனார்கள் அன்போடு தாங்களே சேர்த்திருந்தனர். ஷரோபத்தால் அதனைக் காண இயலவில்லை.

பக்கத்து வீட்டு ஹோல்பீபிதான் முதலில் வாய் திறந்தாள். பிறர் துன்பத்தில் அவளுக்குப் பேச்சு நன்றாய் வரும்.

"உன் நாத்தனார் பூவா தைச்சிருக்காங்க? வண்டிச் சக்கரம்ல பூட்டி அனுப்பியிருக்காங்க! பொண்ணை இதுலயே ஏத்தி மாப்பிள்ளை வீட்டுக்கு ஓட்டிடலாம்."

"வேணும்னே செஞ்சிருக்கா," என்றாள் மொத்தபர். "அன்னைக்கு என் துணியைக் கெடுத்தா. இன்னைக்கு என் மக துணியை. அன்சிரத்துக்கு ஆள் அனுப்புங்க."

அன்சிரத் வந்தாள். பட்டையைப் பார்த்தாள். நிகழ்ந்தது முழுவதும் அவளுக்கு ஒரே நோக்கில் விளங்கிவிட்டது.

"நீதானே கொண்டுபோய்க் குடுத்தே?" என்றாள் மொத்தபர். "என்ன சொன்னா அவ?"

"டீ குடுத்தா. உங்க எல்லாரையும் விசாரிச்சா."

"இப்படித் தைக்கப்போறேன்னு சொன்னாளா?"

"இல்லக்கா."

"இவ வாயை யாரோ சங்கிலித் தையல் போட்டு மூடியிருக்காங்க," என்றாள் ஹோல்பீபி. "அதுவும் ரெட்டைத் தையல்."

மொத்தபர் அவளைக் கையமர்த்தினாள். "அன்சிரத்து, எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லு. அவ வேணும்னு செஞ்சாளா, இல்லையா?"

"வேணும்னு செய்யலை."

"உனக்கு எப்படித் தெரியும்?"

ஒரு சொல் போதும். அந்த ஒரு சொல்லால் மொத்தபரின் கோபம் இளகிவிடும். ஷரோபத்தின் மானமோ ஹோல்பீபியின் வாய்வழியே மாலைத் தொழுகைக்குள் ஊர் முழுதும் சென்று சேரும். சொல்லாவிட்டால் உடன்பிறந்தார் இருவர் இல்லங்களும் பிரியும். அன்சிரத் குனிந்து பட்டையைத் திருப்பிப் போட்டாள்.

"பின்பக்கத்தைப் பாருங்க. ஒரு முடிச்சு தெரியுதா? ஒரு இழை தொங்குதா? வெறுப்புல தைக்கிறவ பின்பக்கத்தைப் பத்திக் கவலைப்படமாட்டா."

"நல்லாத் தைச்சிருக்கறதுதாண்டி எனக்கு வயித்தெரிச்சலே! மோசமாத் தைச்சிருந்தா கிழிச்சுப் போட்டிருப்பேன்." மொத்தபர் பட்டையைத் தள்ளினாள். "எனக்குப் புதுப் பட்டை வரைஞ்சு குடு. தெருவையே கூட்டித் தைச்சுக்கறேன். அவ பட்டை அவ வந்ததும் அவ கைக்கே போகட்டும்."

"ஒரு பட்டை முழுசும் இந்த வாரத்துக்குள்ள முடியாதுக்கா. துணி நாலையும் ஒரு நாள் எங்கிட்ட விடுங்க. வழி இருந்தா பாக்கறேன். இல்லேன்னா புதுசு வரையறேன்."

நான்கு பட்டைகளையும் தன் வீட்டுத் தரையில் விரித்து அவற்றின் முன் அமர்ந்தாள். நொர்பூத்தா ரொட்டியோடு வந்து வாயிலில் நின்றார்.

"யாரு வீட்டுச் சேதியோ உன் வயித்துல கனக்குது. முகத்தைப் பாத்தாலே தெரியுது. எங்கிட்ட இறக்கி வையேன், பத்திரமா வச்சுக்கறேன்."

"உங்ககிட்ட வச்சா ஒட்டகத்துக்குக்கூடத் தெரிஞ்சுடும்."

"ஒட்டகம் யாருகிட்டயும் சொல்லாது."

"அப்ப நேரா ஒட்டகத்துக்கிட்டயே சொல்லிடறேன்," என்று கூறிவிட்டு அவள் மீண்டும் துணியை நோக்கினாள்.

வளையம் பிழையன்று, அது பாதியில் நின்றதே பிழை. நெடுநேரம் பார்த்தபின் அவளுக்கு இது புலப்பட்டது. கருவளையம் நிறைந்த பட்டையில் எதையும் பிரிக்கவோ மாற்றவோ தேவையில்லை. அதன் இருபுறத்துப் பட்டைகளிலும், ஓரத்தில் வெட்டுண்டு நின்ற வளையங்களின் மறுபாதிகளை வரைந்தால் போதும். திங்களின் வளையம் முழுவட்டமாகும். மூட்டுவாயில் உள்ள மலர்கள் வளையம் பூணும். மூலைகளில் வெள்ளை நிலம் எங்கள் ஊர் நிலமாகவே இருக்கும். நாணற் கோலை எடுத்தாள். இறைவன் பெயரைச் சொன்னாள்.

மறுநாள் மொத்தபர் அந்தக் கோடுகளைக் கண்டு, "நூராத்தாத் துணியில சமர்க்கந்துச் சக்கரமா? மாப்பிள்ளை வீட்டார் சிரிக்கமாட்டாங்க?" என்றாள்.

"பாதிச் சக்கரத்தைப் பாத்தாத்தான் சிரிப்பாங்க. முழுசாப் பாத்தா, இது யாரு வரைஞ்சதுன்னு கேப்பாங்க."

விடை சொல்ல மொத்தபர் வாய் திறப்பதற்குள் ஒய்ஜமால் கருநூல் கோத்த ஊசியோடு அமர்ந்துவிட்டாள்.

"ஏய், யாரைக் கேட்டு உக்காந்தே?"

"துணி யாருக்கும்மா? எனக்குத்தானே. என்னைக் கேட்டு நான் உக்காந்தேன். அத்தை வளையம் எனக்குப் புடிச்சிருக்கு."

மகள் தைக்கத் தொடங்கினால் தாய் ஊசியைப் பறிப்பது எங்கள் ஊரில் தீக்குறி. ஹோல்பீபி உட்படத் தெருவிலுள்ள மகளிர் வந்து சுற்றி அமர்ந்தனர். வளையங்களின் மறுபாதிகள் நாள்தோறும் நிறைந்து வந்தன. இடப்புறம் இரண்டு பட்டைகளும் வலப்புறம் இரண்டு பட்டைகளும் மூட்டப்பட்டன. திங்களின் நடுவே செல்லும் கடைசி மூட்டு மட்டும் எஞ்சியது. எஷ்முராத் குடும்பத்தில் அதனைத் தைக்கும் உரிமை தந்தையின் தமக்கைக்கே உரியது.

மொத்தபரின் கோபமோ ஆறவில்லை. அன்சிரத்தைத் தனியே அழைத்துச் சொன்னாள்: "துணியைப் பத்தி நீ சொன்னதைக் கேட்டாச்சு. ஆளைப் பத்தி நான் யாரையும் கேக்கப்போறதில்லை. அவ வரட்டும். வாயத் திறந்து நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். கிண்ணம் நிறைய டீ ஊத்துவேன். மானம் இருந்தா அவளே எழுந்து போவா. அப்புறம் அந்தக் கடைசித் தையலை நானே போட்டுக்கறேன்."

"அக்கா, அது வேண்டாம்."

"ஏன்? காரணம் சொல்லு."

அன்சிரத் காரணம் சொல்லவில்லை. "நல்ல நாள் வருது," என்று மட்டும் சொன்னாள்.

ஷரோபத் திருமணத்துக்கு முதல்நாள் வந்து இறங்கினாள். சமர்க்கந்து நாத்தனார் ஒருத்தி அவள் கையைக் கோத்துக்கொண்டு, உள்ளன்பால் பிரிய மாட்டாதவள்போல் உள்முற்றத்துக்கு அழைத்து வந்தாள். மகளிர் எழுந்து வரவேற்றனர். மரியாதைக்குரிய இடத்தில் ஷரோபத்தை அமர்த்தினர். மொத்தபர் தேநீர்ச் சாடியோடு எதிரே வந்து அமர்ந்தாள். அன்சிரத் எழப் பார்த்தாள். இடையே விரிப்பு அகன்று கிடந்தது.

மொத்தபர் வார்த்தாள். நிறுத்தவில்லை. கிண்ணம் நிறைந்து விளிம்பில் தேநீர் மேடிட்டு நின்றது. ஹோல்பீபியின் கையிலிருந்த ரொட்டித் துண்டு வாய்வரை சென்று நின்றது. மொத்தபர் அந்தக் கிண்ணத்தை ஷரோபத்தின் முன் வைத்து, அவள் முகத்தை நோக்கினாள்.

ஷரோபத் புன்னகைத்தாள்.

"நல்லா இருப்பே மொத்தபர். வர்ற வழியெல்லாம் தாகம். உன் கையால ஊத்தின டீயைக் குடிச்சு எத்தனை காலமாச்சு!" என்று சொல்லிக்கொண்டே கையை நீட்டினாள். விரல்கள் கிண்ணத்தின் பக்கவாட்டைத் தேடி வந்து, சுடுநீருக்குள் முழுகின. துடித்துப்போனாள், ஆயினும் ஓசை எழவில்லை. விரல்களை மடியில் மறைத்துக்கொண்டு அதே புன்னகையோடு இருந்தாள்.

சினத்தோடு வைத்த கிண்ணத்தைச் சினமின்றி ஏற்பவள் ஒருத்தி உண்டாயின், அவள் ஞானியாய் இருத்தல் வேண்டும். ஷரோபத் ஞானி அல்லள் என்பது மொத்தபருக்கு நன்றாய்த் தெரியும். அவள் ஷரோபத்தின் கண்களைப் பார்த்தாள். தன் கையைச் சிறிது உயர்த்தி அவற்றின் முன்னே மெல்ல அசைத்தாள். அக்கண்கள் அசையவில்லை.

மொத்தபருக்குப் புரிந்துவிட்டது. அவள் அன்சிரத்தைத் திரும்பிப் பார்த்தாள். அன்சிரத் தலை குனிந்து தன் கைவிரல் மைக்கறையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மொத்தபர் விரைந்து அந்தக் கிண்ணத்தை எடுத்து அப்பால் கவிழ்த்தாள்.

"அடடா, பேச்சு மும்முரத்துல கவனிக்கலை மதினி," என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னாள். "விளிம்பு உடைஞ்ச கிண்ணத்தை வச்சுட்டேன். உங்க கையைக் கிழிச்சுடும். வேற தர்றேன்."

புதிய கிண்ணத்தில் அடி நனையும் அளவே வார்த்து, ஷரோபத்தின் சுட்ட விரல்களைத் தன் குளிர்ந்த கையால் சற்றுநேரம் பற்றியிருந்து, பிறகு கிண்ணத்தை உள்ளங்கையில் பொருத்தி வைத்தாள். ஷரோபத்தின் புன்னகை மெல்லக் கலைந்தது. தெரிந்துவிட்டது என்பது அவளுக்கும் தெரிந்துவிட்டது.

"மொத்தபர்..."

"குடிங்க. ஆறிடும். இன்னும் நிறைய தடவை ஊத்த வேண்டியிருக்கு."

சிறிது நேரத்துக்குப்பின் துணியைக் கொண்டுவந்து இருவர் மடியிலும் பரப்பினர். மொத்தபரே ஊசியில் நூல் கோத்துத் தந்தாள். பட்டைகளின் இரு ஓரங்களையும் சேர்த்துத் தன் விரல்களால் பிடித்து, ஷரோபத்தின் விரல் படும் இடத்தில் நகர்த்திக்கொண்டே வந்தாள்.

"ஏன் மொத்தபர், நாத்தனாருக்குத் தைக்கத் தெரியாதா? நீ எதுக்குக் கூடவே புடிச்சுக்கிட்டு இருக்கே?" என்று ஹோல்பீபி கேட்டாள்.

"பட்டுல்ல, வழுக்குது. உனக்கு வேலை இல்லேன்னா அடுப்பைப் போய்ப் பாரு. புலாவ் அடிப்புடிக்கற வாசனை வருது."

ஹோல்பீபி பதறி ஓடினாள். தையல் மெல்ல மெல்லத் திங்களுக்குள் புகுந்தது. ஷரோபத் ஊசியை நிறுத்தி, வளையத்தின்மீதும் அதனுள் நின்ற மலரின்மீதும் விரலை ஓட்டினாள். நெருக்கமான தையல் மேடிட்டிருந்தது.

"இந்தப் பூவுக்கு நல்லாத் தண்ணி ஊத்தியிருக்கீங்க," என்றாள் தாழ்ந்த குரலில். "அன்னைக்கு நான் சொன்னது தப்பு மொத்தபர். அந்தத் துணியும் அழகாத்தான் இருந்துச்சு. இளவயசு, வாய் நிக்கலை."

"இப்ப அதுக்கு என்ன? தைங்க. விரலைக் குத்திக்காதீங்க. என் விரலையும் குத்தாதீங்க."

தையல் நேராக வரவில்லை. வளையத்தின் இரு பாதிகளும் ஒரு விரலளவு விலகிச் சேர்ந்தன. எங்கள் ஊர்த் துணிகளில் அவ்வளவு பெரிய விலகலை நான் வேறெங்கும் கண்டதில்லை. மறுநாள் மகளிர் அந்தச் சூசனியை ஒய்ஜமாலின் தலைக்குமேல் விரித்துப் பிடித்து அவளைப் புகுந்த வீட்டுக்கு அழைத்துச் சென்றனர். மாப்பிள்ளை வீட்டார் சிரிக்கவில்லை. ஓர் அம்மாள் அண்ணாந்து பார்த்து, "இந்த வளையம் யாரு வரைஞ்சது?" என்று கேட்டார்.

அன்று மாலை மொத்தபர் அன்சிரத்தை வாயிலில் வழிமறித்தாள்.

"சமர்க்கந்துல பாத்தப்பவே உனக்குத் தெரியுமா?"

"அங்க டீ நல்லா இருந்துச்சுக்கா."

"அடிப்பாவி! ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் அந்தக் கிண்ணத்தை நிரப்பியிருப்பேனா?"

"மாட்டீங்க," என்றாள் அன்சிரத். பின் முகத்திரையைச் சரிசெய்தபடி, "அவ விரல் சுட்டுதே, அது என் கணக்குலதான் அக்கா. அதுக்கு நான் தொழும்போது கேட்டுக்கறேன்," என்று கூறி நடந்தாள்.

மொத்தபரும் அதன்பின் எவரிடத்தும் அதைச் சொல்லவில்லை. ஒய்ஜமாலின் முதற்குழந்தையைத் தொட்டிலிலிட்ட விழாவில் ஷரோபத்தே எல்லார் முன்னும் சிரித்துக்கொண்டு இக்கதையைச் சொன்னாள். உரியவளே உரைத்தபின் நாங்கள் பேசுவதில் பிழையில்லை. அந்நாளில் நொர்பூத்தாவும் வெளிமுற்றத்தில் இருந்து கேட்டார்; வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் மனைவியோடு ஊடிக்கொண்டு வந்தார் என்பர்.

அன்சிரத் நெடுங்காலம் வரைந்தாள். ஊரிலுள்ள சூசனிகளில் பாதிக்குமேல் அவள் கோட்டின்மேல் தைக்கப்பட்டவை. கோடுகள் நூலுக்கடியில் மறைந்துவிட்டன. அவள் அறிந்தவையும் அவளோடு அவ்வாறே மறைந்தன.

அவள் மனையில் ரொட்டி அடுப்பு அனல் குன்றாதிருக்க. அவள் முற்றத்துக் கொடிமுந்திரி ஆண்டுதோறும் காய்த்துச் சாய்க. அவள் வழிவந்த மகளிர் விரல்கள் முதுமையிலும் நடுங்காதிருக்க. அவர்தம் கண்ணொளி மங்காதிருக்க. அவள் வீட்டார் ஒட்டகங்கள் பாலை கடந்து நலமே மீள்க. அவ்வாயிலுள் விருந்தினர் நிறைக. அவர்தம் கிண்ணங்கள் நிரம்பாதிருக்க. எல்லாம் அறிந்தும் அடியார் குறைகளைத் தன் கருணையால் மூடிக் காக்கும் இறைவன், அந்த இல்லத்தின் கூரைமேல் தன் நிழலை என்றும் விரித்துப் பிடிப்பானாக.